நடுவில் நின்ற உளுந்து

பலவேசத்துக்கும் அவர் பெண்டாட்டி இசக்கியம்மாவுக்கும் பேச்சு நின்றுபோனதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மகள் கலையரசியைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்ததில் வந்த மனத்தாங்கல் என்றார்கள் சிலர். பலவேசத்துக்கு வயதான காலத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள் மற்றவர்கள். உண்மையில் சண்டைக்குக் காரணம் ஒரு மொபெட்டின் சீட்டு. அதைத் தின்றது மயிலை என்கிற பசுமாடு.

தின்றது என்று சொன்னால் இசக்கியம்மாவுக்குக் கோபம் வரும். நக்கியது என்றுதான் சொல்ல வேண்டும். மாசி வெயிலில் முக்கூடல் உரக்கடையிலிருந்து டிஏபி மூட்டையை ஏற்றிவந்த பலவேசம், வண்டியைத் தொழுவத்தை ஒட்டி நிறுத்திவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். சீட்டில் அவருடைய வியர்வை உப்புப் பூத்துக் கிடந்தது. உப்பைக் கண்டால் மயிலை விடாது. நக்க நக்க மேல்உறை கிழிந்தது. கிழிந்ததும் உள்ளே மஞ்சளாக ஸ்பாஞ்சு தெரிந்தது. அதற்கு மேல் எந்த மாடுதான் சும்மா இருக்கும்? நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பி வந்த மனிதர் பார்த்தது வண்டியின் இரும்புச் சட்டத்தையும், கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்த மாட்டையும்தான்.

“ஏட்டி, பாலு மறந்து ரெண்டு வருசமாச்சு. இந்தக் கிழட்டு மூதிய இன்னும் என்னத்துக்குக் கட்டி அழுதோம்? தரகர வரச்சொல்லி ஏத்தி விட்டுருதேன் பாரு!” என்று குதித்தார்.

“மாடு சாணியாவது போடுது. நீங்க என்ன போடுதீக?” என்றாள் இசக்கியம்மா.

கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்ட பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கேட்டாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் வேறு சிரித்துத் தொலைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே ஒழியச் சத்தம் நிற்கவில்லை. முப்பது வருசம் பேசிப் பழகிய வாய்கள் அவை. அவர் வண்டியிடம் பேசினார், அவள் மாட்டிடம் பேசினாள்.

“ஏ வண்டி, இன்னைக்கு இந்த வீட்ல ஒல வச்சிருக்கா, இல்ல பட்டினியான்னு கேளு” என்பார் அவர், கிழிந்த சீட்டின் மேல் சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டே.

“மயிலை, உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் தொவையலும் அடுப்படியில இருக்கு. கையி காலு வெளங்குதவுக எடுத்துத் திங்கலாம்னு சொல்லு தாயி.”

“தொவையல்ல உப்பு தூக்கலா இருக்குன்னு சொல்லு வண்டி.”

“உப்பு வேண்டாம்னா வண்டி சீட்ட நக்கிக்கிடச் சொல்லு மயிலை. அதுல உப்பு இருக்கு.”

இப்படிப் போயிற்று.

அந்த வாரம்தான் வேளாண்மை அலுவலகத்திலிருந்து சித்ரலேகா என்கிற அம்மாள் வந்து, பஞ்சாயத்து அலுவலக வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டாள். பிசானப் பருவ நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பதைப் பற்றிக் கூட்டம். சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. ரைசோபியம் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தைப் பிரித்து ஆறின கஞ்சியில் கலக்கி, உளுந்து விதையில் பிசறி, நிழலில் உலர்த்துவது எப்படி என்று செய்தே காட்டினாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

“மக்குன தொழு உரம் அடியுரமாப் போடணும். அதோட டிஏபியும் அளவாப் போடணும். பூக்கிற சமயத்துல டிஏபியை முந்தின நாளே ஊறவச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்து இலையில தெளிக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் காய் பிடிக்கும். ஒண்ணை விட்டு ஒண்ணு போட்டா அரைகுறைதான்.”

ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “கேட்டுக்கிடுங்கவே எல்லாரும். டிஏபி போட்டாத்தான் காய் பிடிக்கும்னு அந்தம்மாவே சொல்லிட்டு!”

பெண்கள் பக்கமிருந்து இசக்கியம்மா எழுந்தாள். “தாயி, நீங்க தொழு உரம் போடணும்னுதானே மொதல்ல சொன்னீக? காதுல விழாதவுகளுக்கு இன்னொரு மட்டம் சத்தமாச் சொல்லுங்க.”

“நான் ரெண்டையும்தாம்மா சொன்னேன்.”

“அம்மா, சாணியப் போட்டா புல்லுதான் மொளைக்கும்னு சொல்லுங்க அவகிட்ட” என்றார் அவர்.

“தாயி, உப்பு உரத்தக் கொட்டிக் கொட்டி மண்ணு சிமிட்டித் தரையாப் போச்சு, மம்பட்டி எறங்க மாட்டேங்குன்னு சொல்லுங்க அவுககிட்ட” என்றாள் இவள்.

சித்ரலேகா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போனாள். அவளை நடுவில் வைத்துத்தான் பந்தயம் பேசி முடிந்தது. வாய்க்காலை ஒட்டிய வயலை இரண்டாகப் பிரிப்பது. வடபாதியில் பலவேசம் டிஏபி மட்டும் போடுவார். தென்பாதியில் இசக்கியம்மா சாணி உரம் மட்டும் போடுவாள். வடபாதி நன்றாக விளைந்தால் மயிலையைத் தரகர் மகாராஜனிடம் விற்றுவிட வேண்டியது. தென்பாதி விளைந்தால் மொபெட்டை விற்றுவிட வேண்டியது.

“சரியான்னு கேளுங்கம்மா.”

“சரின்னு சொல்லுங்க தாயி.”

வாய்தான் சரி என்றது. வீட்டுக்கு வந்ததும் இசக்கியம்மா நேராகத் தொழுவத்துக்குப் போனாள். மயிலை அவள் அம்மா வீட்டுச் சீதனப் பசுவின் கன்று. கலையரசி புருசன் வீடு போன பிறகு, காலையில் எழுந்ததும் அவள் முகத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான். உழுது களைத்தவன் மாதிரிக் குறட்டை விடுகிற மனிதரைக் கணக்கில் சேர்க்க முடியாது. ‘உன்னய வச்சுச் சூதாடிட்டேனே பாவி’ என்று மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது அவள் தோளில் நாக்கைப் போட்டது. தோளிலும் உப்பு இருந்தது.

வயலுக்கு நடுவில் வரப்பு கிடையாது. அதனால் வாய்க்கால் கரையில் ஒரு முளைக்குச்சியும் எதிர்ப்பக்கம் ஒரு முளைக்குச்சியும் அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். கட்டும்போது ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கட்டினார்கள். அதைப் பார்க்க ஊரே வந்திருந்தது.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வழியில் கிடக்கும் மோதிரத்தை எடுத்தால் கோயில் பூசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அடுத்தவன் தோப்புத் தேங்காயைத் தொட மாட்டார்கள். ஆனால் எல்லை என்று ஒன்று இருந்தால் மட்டும் அவர்கள் கை சும்மா இருக்காது. வரப்பைச் செதுக்குகிற சாக்கில் மண்வெட்டி அடுத்த வயல் பக்கம் ஒரு விரற்கடை சாயும். அடுத்த வயல்காரனும் இதே ஊர்க்காரன் என்பதால் அவன் மண்வெட்டி இந்தப் பக்கம் சாயும். இப்படியாக எல்லா வரப்புகளும் ஆள் நடக்க முடியாதபடி கத்தி முனையாகிவிட்டன. யாரும் இதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. விவசாயம் என்றே நினைக்கிறார்கள்.

இசக்கியம்மா சாணி உரத்தைத் தன் பாதியில் இறைத்துக்கொண்டு வந்தாள். கயிற்றருகே வந்ததும் கூடையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கயிற்றின் அந்தப் பக்கம் சும்மா கிடக்கிற மண்ணைப் பார்த்தாள். நாளைக்குக் கயிறு அந்தப் பக்கம் சாயாதா என்ன? அள்ளி வீசினாள். ஒரு கூடைக்கு இரண்டு கூடையாக வீசினாள். முளைக்குச்சியையும் பிடுங்கி இரண்டு எட்டு வடக்கே அடித்துவிட்டு, ஒன்றும் அறியாதவளாக முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கயிறு அவள் பக்கம் நாலு எட்டு உள்ளே வந்து நிற்கிறது. குனிந்து பார்த்தாள். அவள் போட்ட சாணித்தூளுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக டிஏபி குருணைகள் கிடந்தன.

“அட கள்ள மனுசா!” என்று கத்த வாயெடுத்தவள் சட்டென்று அடக்கிக்கொண்டாள். கத்தினால் சாணிக் கதையும் அல்லவா வெளியே வரும்! கள்ளனுக்குத் தேள் கொட்டின கதையாக நின்றுவிட்டு, குருணைகளின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, குச்சியைப் பிடுங்கி வடக்கே அடித்தாள். பதிலுக்கு அது தெற்கே வந்தது. விதைப்பு முடிகிறவரைக்கும் அந்தக் கயிறு கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஆள் போல வடக்கும் தெற்குமாக நடந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு பட்டை, மாட்டு வண்டி போகிற அகலம், இரண்டு பேருக்கும் சொந்தமாகி இரண்டு பேர் உரத்தையும் தின்றது.

முளைத்தது. பங்குனி வெயில் ஏற ஏற, வடபாதி பார்க்கிற கண்ணெல்லாம் குளிரும்படி தழைத்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. டிஏபி போதாதென்று பலவேசம் யூரியாவும் தெளித்திருந்தார். அதை அவர் வண்டியிடம்கூடச் சொல்லவில்லை. தென்பாதி குட்டையாக, அடக்கமாக நின்றது. வாய்க்கால் கரையில் போகிறவர்கள் வடக்கே பார்த்து “அண்ணாச்சி, ஒமக்கென்னவே!” என்றார்கள். தெற்கே பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அது இசக்கியம்மாவுக்குக் குத்தியது.

அவளும் விடவில்லை. சாணம், கோமியம், கருப்பட்டி கரைத்து அமிர்தக்கரைசல் தயார் செய்து வாய்க்கால் தண்ணீரோடு பாய விட்டாள். கருப்பட்டி, கலையரசி உடன்குடியிலிருந்து வாங்கி அனுப்பியது.

“வண்டி, பாத்துக்கிட்டியா? மாட்டு மூத்திரத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி, எனக்குக் காப்பியில கடைச் சீனி.”

“பலன் தாரதுக்குக் கருப்பட்டி, தராததுக்குச் சீனி. மயிலை, நான் சொல்லுதது சரிதானே?”

பூக்கிற பருவத்தில் அவர் டிஏபியை வாளியில் ஊறவைத்து, மறுநாள் காலையில் அவளுடைய சுங்குடிச் சேலையில் வடிகட்டினார். சேலை போனது போகட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். முதுகில் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு தெளித்தவர், கயிறு வந்த இடத்தில் நிற்காமல் நாலடி தள்ளிப்போய்த் திரும்பினார். வரப்பில் களை பறிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்த இசக்கியம்மா அதையும் பார்த்தாள். அவர் போன பிறகு அதே நாலடிக்கு ஒரு குடம் அமிர்தக்கரைசலை ஊற்றிவிட்டு வந்தாள்.

சித்திரை பிறந்ததும் வடபாதியின் சாயம் வெளுத்தது. இலைக்கு அடியில் வெள்ளை ஈ. கொடி ஓடியிருக்கிறதே தவிர, விலக்கிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காய். தென்பாதியில் செடிக்குச் செடி காய் இருந்தது. ஆனால் செடியே சாண் உயரம்தான். பலவேசம் வண்டியிடம் பேசுவது குறைந்துபோயிற்று. சாப்பிடும்போது துவையலில் உப்பு தூக்கலா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை. அது இசக்கியம்மாவுக்கு என்னவோ போல இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தாள், ஆனால் அந்த மனிதர் வாயடைத்து உட்கார்ந்து சோறு தின்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அறுப்பு அன்று ஆவுடைத்தாயும் அவள் கூட்டமும் விடிந்ததுமே வயலில் இறங்கிவிட்டார்கள். உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கிக் குவிக்கிற வேலை. வெயில் ஏறுமுன் முடிக்காவிட்டால் காய் வெடித்துவிடும். வடக்கே ஒரு குவியல், தெற்கே ஒரு குவியல். நடுவுக்கு வந்த ஆவுடைத்தாய் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

“ஏ மதினி, இங்கன வந்து பாரு! இது என்ன அநியாயமால்லா இருக்கு! செடி முட்டளவுக்கு நிக்கி, கொத்துக் கொத்தாக் காய் தொங்குது. இது யாரு பங்கு? எந்தக் குவியல்ல சேக்க?”

“என் பங்கு” என்றார் பலவேசம்.

“என் பங்கு” என்றாள் இசக்கியம்மா, அதே மூச்சில்.

“ஏட்டி, கயிறு எங்கன கெடக்குன்னு பாரு! இது வடக்குல்லா!”

“கயிறக் கடைசியா நீங்கதானே இழுத்தீக! ராத்திரி நாய் வந்து இழுத்துச்சா?”

“அப்ப நீ இழுக்கலியா? என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு பாப்போம்!”

“உங்க தலை எதுக்கு, அதுல என்ன இருக்கு? இது என் சாணியில வெளஞ்ச உளுந்து. விதைக்கும் முன்னால கூடை கூடையா நான் இங்கன கொட்டினேன்.”

“கொட்டுனியா? என் பக்கத்துல வந்து கொட்டுனியா? இது என் டிஏபிட்டி! நான் கையால தூவுனேன். பூவுல மருந்தும் அடிச்சேன்.”

“அடிச்சீகளா? என் பக்கத்துல வந்து அடிச்சீகளா?”

ஆவுடைத்தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “ஏ அண்ணாச்சி, ஏ மதினி! ரெண்டு கள்ளரும் ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்லுதீகளே! மூணு மாசமாப் பேசாத ஆளுக, இப்ப மாடும் இல்லாம வண்டியும் இல்லாம நேருக்கு நேராப் பேசுதீக, தெரியுதா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இசக்கியம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் தோற்றுப்போவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மகசூலைப் பார்க்க வந்த சித்ரலேகா, நடுப்பட்டையில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தட்டினாள். வேர் முழுக்க, செடிக்குச் சத்துச் சேர்க்கிற முடிச்சுகள் கொத்தாக இருந்தன. கதையைக் கேட்டாள். பிறகு, “நான் கூட்டத்துல சொன்னத இந்த வயல்ல யாருமே கேக்கலைன்னு நெனச்சேன். இந்தப் பட்டையில மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணாக் கேட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் பந்தயம் பந்தயம்தான். குவியல்கள் மூன்றாயின. இரண்டு நாள் காயவைத்து, மூன்றையும் கொண்டுபோய் முக்கூடல் ரோட்டில் தனித்தனியாகப் பரப்பினார்கள். ரோட்டில் பரப்பி, போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் காய் உடைந்து உளுந்து தனியே விழும். வடக்குக் குவியலை ஒரு செங்கல் லாரி மிதித்தது. தெற்குக் குவியலைத் திருநெல்வேலி பஸ் மிதித்தது. தூற்றி அளந்தார்கள். பலவேசத்தின் குவியலில் சக்கை மலை போல வந்தது, உளுந்து கொஞ்சம். இசக்கியம்மாவின் குவியலில் சக்கையும் கொஞ்சம், உளுந்தும் கொஞ்சம். ஆழாக்கு வித்தியாசம்கூட இல்லை. ஆக, நடுப்பட்டைக் குவியல் யாருக்கு என்பதில் வந்து நின்றது. அது யாருக்கோ அவர் ஜெயித்தார். ஜெயிப்பது பலவேசம் என்றால் மயிலை போயிற்று.

அந்தக் குவியலை மிதிக்க ஒரு வண்டியும் வரவில்லை. மத்தியான நேரம், ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. தூக்குவாளியிலிருந்து கஞ்சியை ஊற்றி, சுட்ட கருவாட்டோடு இசக்கியம்மா அவர் முன்னால் வைத்தாள். இருவரும் புளியமர நிழலில் உட்கார்ந்து குடித்தார்கள். கடைசியில் ஒரு வண்டி வந்தது. மாட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோ. ஓட்டி வந்தவர் தரகர் மகாராஜன். அறுப்பு முடிந்ததும் வரச்சொல்லி மாசியிலேயே சொல்லி வைத்திருந்தது. உளுந்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

“என்னவே பலவேசம், மாடு எங்கன? வீட்லயா?”

இசக்கியம்மா கஞ்சியைக் கீழே வைத்தாள். ‘சாணி என்னது, அதனால இது என் பங்கு’ என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியவில்லை. கணவர் முகத்தை மட்டும் பார்த்தாள். கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள் அன்றைக்குக் கேட்டாள், வாயால் இல்லாமல்.

பலவேசம் கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். துண்டால் மீசையைத் துடைத்தார். நடுப்பட்டைக் குவியலைப் பார்த்தார். ஒரு காயை எடுத்து விரலால் நெரித்து, விழுந்த உளுந்தை உள்ளங்கையில் உருட்டினார்.

“மாடு விக்கதுக்கு இல்லவே.”

“மாசியில தலைகீழா நின்னேரே! சீட்டத் தின்னுட்டு, அது இருந்தா நான் இருக்க மாட்டேன்னு?”

“தின்னுச்சு. அதுக்கு என்ன இப்ப? அது சாணி போடலைன்னா என் டிஏபி வேலை செய்ய மாட்டேங்குவே. உரக்கடைக்காரன் இதச் சொல்லாம என்னய இத்தன வருசம் ஏமாத்திட்டான்.”

இசக்கியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உளுந்துத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லவில்லை.

மகாராஜன் லேசில் விடுகிற ஆளில்லை. “சரி, அப்ப அந்த வண்டிய விக்கதாப் பேச்சு இருந்ததே? அதையாவது ஏத்துதேன். வெறும் வண்டியாத் திரும்பிப் போனா எனக்கு டீசல் யாரு தருவா?”

“வண்டியும் இல்ல அண்ணாச்சி” என்றாள் இசக்கியம்மா. “அத வித்துட்டா தொழுவத்துச் சாணிய வயலுக்கு யாரு கொண்டு போவா? இவுக தலையில சுமப்பாகளா? மூணு மூட்டை டிஏபி தூக்குனதுக்கே இடுப்பப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாக.”

“நான் எப்பட்டி இடுப்பப் பிடிச்சேன்?”

“பங்குனி உத்திரத்தன்னைக்கு. வண்டிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தீக. எனக்குக் காது இல்லியா?”

“அப்ப ஒரு தைலம் தேச்சு விட்டா என்ன?”

“நீங்க எங்கிட்டக் கேட்டீகளா? வண்டிகிட்டல்லா கேட்டீக! அது தேய்க்கட்டும்னு இருந்தேன்.”

மகாராஜன் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினார். “ஏ, உங்க குடும்பச் சங்கதிய வீட்ல போய்ப் பேசுங்க! மாடும் இல்ல, வண்டியும் இல்லன்னா இந்த வேகாத வெயில்ல என்னய எதுக்குவே வரச்சொன்னீரு? நான் எந்த வழியாப் போறது, உளுந்து ரோட்ட அடச்சுல்லா கெடக்கு!”

இசக்கியம்மா எழுந்து ஆட்டோவைச் சுற்றி வந்தாள். டயரைப் பார்த்தாள். மாடு ஏற்றுகிற வண்டி, நல்ல கனமான வண்டி.

“வந்ததுதான் வந்தீக அண்ணாச்சி” என்றாள், சொந்த அண்ணனிடம் பேசுகிற குரலில். “அது மேலயே நாலு மட்டம் முன்னயும் பின்னயும் ஓட்டுங்க. நேரா ஓட்டாதீக, ஓரமும் மிதிபடணும். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, புது உளுந்துல களி கிண்டித் தாரேன்.”

மகாராஜன் அவளைப் பார்த்தார், பலவேசத்தைப் பார்த்தார். கருப்பட்டி போட்டா என்று மட்டும் கேட்டார். உடன்குடிக் கருப்பட்டி என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் கியரைப் போட்டார். மயிலையை ஏற்றிக்கொண்டு போக வந்த ஆட்டோ, சடசடவென்று காய் உடைய, குவியல் மேல் ஏறிப் போயிற்று. திரும்பி வந்தது. பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினார்.

“பையவே, பைய! தெக்குப் பக்கம் இன்னும் மிதிபடல. ஏட்டி, நீ அந்த ஓரத்தத் தள்ளி விடு. இன்னொரு மட்டம் வாரும்வே!”